அடி வாங்காமல் அடித்த வீரர் மெண்டோசா

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை இருந்தது. செயிண்ட் டேவிட் கோட்டை என்பது அதன் பெயர். இன்று அதன் இடிபாடுகளே மிச்சம்.

1690-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு வினோதமான கணக்குப் போட்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு எட்டும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அப்படியே சுட்டார்கள். குண்டு எட்டிய கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது.

சிதம்பரத்தில் நடந்தது வேறு கதை. 1781-ம் ஆண்டு ஜூன் மாதம். ஹைதர் அலியின் வீரர்கள் நடராஜர் கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் படையோடு வந்து தாக்கினார். மதிலைத் தாண்டிக் கோயிலைப் பிடிக்க முடியவில்லை. அடிபட்டுத் திரும்பினார். இரண்டு வாரம் கழித்துப் பரங்கிப்பேட்டைப் போரில் அவர் வெற்றி பெற்றார். ஆனால் சிதம்பரத்தில் அவருக்குத் தோல்விதான்.

கடலூரில் நடந்தது, எட்டும் தூரத்தை அளந்து பிடித்த கதை. சிதம்பரத்தில் நடந்தது, அடியைத் தடுத்துப் பிழைத்த கதை. போருக்கு உள்ள இந்த இரண்டு பாடங்களும் குத்துச் சண்டைக்கும் உண்டு.

சிதம்பரத்தில் பீரங்கி முழங்கிய அதே காலத்தில், லண்டன் நகரத்தில் ஒரு வாலிபன் இந்த இரண்டு பாடங்களையும் தெருச் சண்டையில் கற்றுக்கொண்டிருந்தான். பின்னாளில் அவன் இங்கிலாந்தின் குத்துச் சண்டைச் சாம்பியன் ஆனான். முரட்டுத்தனமாக இருந்த சண்டையை ஒரு கலையாக மாற்றினான்.

அவன் பெயர் டேனியல் மெண்டோசா.

யூதச் சிறுவன்

மெண்டோசா 1764-ல் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. பிறந்த இடம் லண்டனில் ஆல்டுகேட் என்ற பகுதி. ஏழைகளும் சிறு வியாபாரிகளும் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் லெடன்ஹால் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அந்தத் தெருவில்தான் இருந்தது. கடலூரிலும் சென்னையிலும் இருந்த கம்பெனிக்காரர்கள் எழுதிய கடிதங்கள், மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேரும்.

மெண்டோசாவின் குடும்பம் யூதக் குடும்பம். முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் யூதர்களுக்கு மதிப்புக் கிடையாது. பாராளுமன்றத்தில் உட்கார முடியாது. அரசாங்கப் பதவிகள் கிடையாது. ஏழை யூதர்கள் பலர் தெருத் தெருவாகப் போய்ப் பழைய துணி வாங்கி விற்றார்கள். தெருவில் போகும்போது அவர்களைக் கேலி செய்வார்கள். தாடியைப் பிடித்து இழுப்பார்கள். உதைப்பார்கள். கேட்க ஆள் இல்லை. பலரும் அதை ஒரு வேடிக்கையாகவே நினைத்தார்கள்.

சிறுவன் மெண்டோசா யூதப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கண்ணாடி வேலை செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். அந்த முதலாளியின் மகன் அவனை ஓயாமல் சீண்டினான். ஒரு நாள் பொறுமை போய்விட்டது. மெண்டோசா அவனை அடித்துவிட்டான். வேலையும் போய்விட்டது.

அடுத்து ஒரு காய்கறிக் கடையில் வேலை. கடையின் எஜமானி ஒரு யூதப் பெண்மணி. அக்கம்பக்கத்துக் கசாப்புக் கடைக்காரர்கள் அந்த அம்மாளின் மதத்தைச் சொல்லி ஏசுவார்கள். மெண்டோசாவால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏசியவர்களோடு சண்டைக்குப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்த அடிகளும் உண்டு. அவன் கொடுத்த அடிகளும் உண்டு.

தேயிலைக் கடைச் சண்டை

பிறகு ஒரு தேயிலை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அப்போது இங்கிலாந்துக்குள் முறைப்படி தேயிலை கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது.

ஒரு நாள் சுமை கூலி ஒருவன் தேயிலை கொண்டுவந்து இறக்கினான். கூலி போதாது என்று தகராறு செய்தான். முதலாளியைக் கண்டபடி திட்டினான். அடிக்கவும் போனான். ஆள் நல்ல பலசாலி. மெண்டோசாவுக்கு அப்போது வயது பதினாறுதான் இருக்கும். முதலாளிக்காக அவன் முன்னால் வந்து நின்றான்.

சண்டை தெருவில் நடந்தது. கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பக்கமாகப் போன ஒரு வாலிபர், யாரும் கேட்காமலே மெண்டோசாவுக்குத் துணை ஆளாக வந்து நின்றார். ரிச்சர்டு ஹம்ப்ரிஸ் என்பது அவர் பெயர். அவரும் குத்துச் சண்டைக்காரர். முக்கால் மணி நேரம் நடந்த சண்டையில் சுமை கூலி தோற்றுப் போனான்.

அன்று துணைக்கு வந்த ஹம்ப்ரிஸ்தான் பின்னாளில் மெண்டோசாவின் பெரிய எதிரி ஆனார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அந்தக் காலத்துச் சண்டை

இன்று குத்துச் சண்டை என்றால் கையுறை உண்டு. மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும். எடை பார்த்துச் சம எடை உள்ளவர்களை மோத விடுகிறார்கள். நடுவர் கூடவே நிற்கிறார்.

மெண்டோசா காலத்தில் இவை எதுவும் இல்லை. வெறும் கையால் குத்த வேண்டும். ஒருவர் கீழே விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது. விழுந்தவர் அரை நிமிடத்துக்குள் எழுந்து நடுக் கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் தோல்வி. கீழே விழுந்தவரை அடிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. 1743-ல் ஜாக் பிராட்டன் என்ற பழைய சாம்பியன் வகுத்த விதிகள் இவை.

எடைக் கணக்கும் இல்லை. எவ்வளவு பெரிய ஆளோடும் மோதலாம். ஆகவே பெருத்த உடம்பு உள்ளவருக்கே லாபம். இரண்டு பேரும் கால் நகராமல் எதிர் எதிரே நின்று மாறி மாறிக் குத்துவார்கள். யார் அதிக அடியைத் தாங்குகிறாரோ அவர் ஜெயிப்பார். பின்னால் நகர்ந்தால் கோழை என்று கூட்டம் கூச்சல் போடும்.

மெண்டோசாவின் உயரம் 5 அடி 7 அங்குலம். எடை சுமார் 73 கிலோ. நெஞ்சு அகலமானது. தைரியம் நிறைய இருந்தது. ஆனால் 90 கிலோ ஆளோடு மாறி மாறிக் குத்திக்கொண்டு நின்றால் அவர் பிழைக்க முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே அவர் வேறு வழி தேடினார். அடியைத் தாங்குவதை விட, அடி விழும் இடத்தில் இல்லாமல் இருப்பது மேல். இதுதான் அவர் கண்டுபிடித்த வழி.

கையும் காலும்

மெண்டோசா இடது கையை முன்னால் நீட்டி வைத்துக்கொள்வார். எதிரி நெருங்கும்போது அந்தக் கை நேராகப் பாயும். முகத்தில் பட்டதும் திரும்பிவிடும். எதிரி பதிலுக்குக் குத்த வரும்போது மெண்டோசா அங்கே இருக்க மாட்டார். ஒரு அடி பின்னாலோ பக்கத்திலோ போயிருப்பார். எதிரியின் குத்து காற்றில் போகும். காற்றில் குத்தியவன் தடுமாறுவான். அந்த நேரம் பார்த்து மெண்டோசா மறுபடி குத்துவார்.

முன் கையால் நேராகக் குத்திச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் இந்த முறைக்கு இன்று "ஜாப்" என்று பெயர். அந்தப் பெயர் பின்னாளில் வந்தது. இன்றைய பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் இதுதான்.

வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது காலை முன்னால் வைப்பார். வலது கால் பின்னால். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பின் காலின் குதிகால் சற்றுத் தூக்கியிருக்கும். வலது கை தாடை அருகே காவல் நிற்கும்.

குத்துவதற்கு முன் கையைப் பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். கை இருக்கிற இடத்திலிருந்தே நேராகப் போக வேண்டும். பின் கால் தரையை உந்த வேண்டும். குத்தும்போது தோள் உயர்ந்து தாடையை மறைக்க வேண்டும். போன வழியிலேயே கை திரும்ப வேண்டும். தாழ்ந்து திரும்பினால் அந்தச் சந்தில் எதிரியின் குத்து வந்து விழும்.

ஜாப் குத்தால் எதிரி உடனே விழுந்துவிடுவதில்லை. அதன் உபயோகம் வேறு. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அது அளந்து சொல்கிறது. கடலூரில் பீரங்கிக் குண்டு தூரத்தை அளந்தது போல, சண்டை மேடையில் இடது கை அளக்கிறது. எதிரி போடும் திட்டத்தைக் கலைக்கிறது. பின்னால் வரும் பலமான வலது கைக் குத்துக்கு வழி திறக்கிறது.

அடுத்தது கால் வேலை. முன்னேறும்போது முன் கால் முதலில் போக வேண்டும். பின் கால் தொடர வேண்டும். பின்வாங்கும்போது பின் கால் முதலில். இடப் பக்கம் போகும்போது இடது கால் முதலில். வலப் பக்கம் போகும்போது வலது கால் முதலில். ஒரு காலின் குறுக்கே மற்றொரு காலை வைக்கவே கூடாது. கால் பின்னிக்கொண்ட நேரத்தில் ஒரு சின்னக் குத்துப் பட்டாலும் ஆள் விழுந்துவிடுவான்.

நேராகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கவும் கூடாது. முன்னால் ஓடி வருகிறவனின் வேகம், பின்னால் நகர்கிறவனின் வேகத்தைவிட அதிகம். ஓரிரு அடி பின்வாங்கிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிவிட வேண்டும். எதிரி மறுபடி திரும்பி நின்று குறி பார்க்க நேரம் ஆகும். அந்த நேரம் நமக்கு லாபம்.

சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு இது புதிது அல்ல. கம்பு சுழற்றும் முன் காலடி வரிசையைத்தான் வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். சடுகுடு ஆடுகிறவர்களுக்கும் தெரியும். பாடிப் போகிறவன் தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொடுவது கை. தப்ப வைப்பது கால்.

மெண்டோசா காலத்துக் குத்துச் சண்டைக்காரர்கள் இன்றைய வீரர்களைவிடச் சற்றுப் பின்னால் சாய்ந்து நின்றார்கள். கைகளைத் தாழ்த்தி முன்னால் நீட்டியிருந்தார்கள். இன்றைய முறை பல பேர் திருத்தித் திருத்தி அமைத்த முறை. ஆனால் கையையும் காலையும் சேர்த்து யோசித்து, தற்காப்பை முதல் இடத்தில் வைத்து, அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர்களில் மெண்டோசா முன்னோடி.

அவருடைய குத்தில் பலம் போதாது என்று அப்போதே சிலர் குறை சொன்னார்கள். அது ஓரளவு உண்மை. ஆனால் எதிரி ஒரு முறை குத்துவதற்குள் அவர் இரண்டு முறை குத்திவிடுவார் என்பதும் உண்மை.

இளவரசர் பார்த்த சண்டை

1787 ஏப்ரல் மாதம் பார்னெட் என்ற ஊரில் ஒரு பெரிய சண்டை நடந்தது. எதிரி சாம் மார்ட்டின். பாத் நகரத்துக் கசாப்புக் கடைக்காரர். இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரே சண்டை பார்க்க வந்திருந்தார். மெண்டோசா வெற்றி பெற்றார். பணம் குவிந்தது. பெயர் பரவியது.

அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். மணமகள் எஸ்தர் என்ற யூதப் பெண். குத்துச் சண்டையை விட்டுவிட வேண்டும் என்று எஸ்தர் கேட்டுக்கொண்டார். ஹம்ப்ரிஸுடன் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதோடு விட்டுவிடுகிறேன் என்று மெண்டோசா வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு சண்டை மூன்று சண்டையாக வளர்ந்தது. அதன் பிறகும் முடியவில்லை.

மூன்று சண்டைகள்

தேயிலைக் கடை வாசலில் துணைக்கு நின்ற ஹம்ப்ரிஸுக்கும் மெண்டோசாவுக்கும் நட்பு முறிந்து பகை மூண்டிருந்தது. ஹம்ப்ரிஸ் நாகரிகமானவர் என்று பெயர் வாங்கியவர். பெரிய மனிதர்கள் பலர் அவர் பக்கம்.

முதல் சண்டை 1788 ஜனவரி 9-ந் தேதி ஓடிஹாம் என்ற ஊரில் நடந்தது. மரப் பலகை மேடை. மழையால் பலகை வழுக்கியது. கால் வேலையை நம்பிய மெண்டோசாவுக்கு இதைவிடக் கஷ்டம் வேறு வேண்டாம். ஹம்ப்ரிஸும் வழுக்கினார். அவர் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நின்றார். பிடிப்புக் கிடைத்தது.

ஆரம்பத்தில் மெண்டோசாவின் கைதான் ஓங்கியது. ஒரு சமயம் அவர் விட்ட குத்து ஒன்றை ஹம்ப்ரிஸின் துணை ஆள் குறுக்கே புகுந்து தடுத்துவிட்டார். தகராறு எழுந்தது. ஆனாலும் சண்டை நிற்கவில்லை. சிறிது நேரத்தில் மெண்டோசா மோசமாக விழுந்தார். காலில் அடிபட்டது. அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. ஹம்ப்ரிஸ் ஜெயித்தார்.

கால் போனால் கலையும் போயிற்று. அந்தத் தோல்வி மெண்டோசாவுக்குக் கற்பித்த பாடம் அது.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. இருவரும் பத்திரிகைகளில் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். சவால் விட்டார்கள். ஊர் முழுக்க இதே பேச்சு. இரண்டு பேர் படமும் அச்சாகி விற்றது. கோப்பைகளிலும் குவளைகளிலும்கூட இருவரும் சண்டை போடும் படத்தைப் பொறித்து விற்றார்கள்.

இரண்டாவது சண்டை 1789 மே 6-ந் தேதி ஸ்டில்டன் என்ற ஊரில். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்க மர அரங்கம் கட்டினார்கள். இந்த முறை மெண்டோசாவின் கால் உறுதியாக இருந்தது. ஹம்ப்ரிஸின் குத்துக்களை அவர் முன் கையால் தடுத்தார். தடுத்த கையோடு திருப்பிக் குத்தினார். ஹம்ப்ரிஸ் தடுமாறினார். குத்துப் படாமலே கீழே விழுந்தார். குத்துப் படாமல் விழுந்தால் தோல்வி என்பது ஒப்பந்தம். மெண்டோசாவின் பக்கத்தார் வெற்றி என்று கத்தினார்கள். ஹம்ப்ரிஸின் பக்கத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சண்டை மறுபடி தொடங்கியது. ஹம்ப்ரிஸ் மறுபடியும் அதே மாதிரி விழுந்தார். வெற்றி மெண்டோசாவுக்கு.

மூன்றாவது சண்டை 1790 செப்டம்பர் 29-ந் தேதி டான்காஸ்டரில் நடந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். அதிலும் மெண்டோசாவே ஜெயித்தார். ஹம்ப்ரிஸ் அதோடு சண்டையை விட்டுவிட்டார்.

வாத்தியார் மெண்டோசா

மெண்டோசா லண்டனில் ஒரு குத்துச் சண்டைப் பள்ளி திறந்தார். படித்தவர்களும் பணக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அடிபடாமல் பழகக் கையில் பஞ்சு வைத்த உறை மாட்டிக் கொடுத்தார்.

1789-ல் குத்துச் சண்டைக் கலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் முதலாவதாக வைத்த பாடம் பலமாகக் குத்துவது பற்றியது அல்ல. உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்வது பற்றியது. முன்னால் போகவும் பின்னால் வரவும், குத்தவும் தடுக்கவும் எந்த நேரமும் தயாராக உடம்பு இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிறகு வாத்தியார் குத்த, மாணவர் தடுக்க, பாடம் பாடமாக அந்தப் புத்தகம் போகிறது.

நாடு முழுதும் சுற்றி வித்தை காட்டினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை வின்ஸரில் சந்தித்துப் பேசும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. தெருவில் உதைபட்ட சமூகத்தில் பிறந்தவர் அரசரோடு நின்று பேசினார்.

1792-ல் பில் வார் என்ற வீரரைத் தோற்கடித்து இங்கிலாந்தின் சாம்பியன் ஆனார்.

அவர் தம் பிறப்பை மறைக்கவே இல்லை. யூதர் மெண்டோசா என்று விளம்பரங்களில் தாமே போட்டுக்கொண்டார். பிறர் வசவாகச் சொன்ன சொல்லை அவர் பட்டமாக அணிந்துகொண்டார்.

தெரு மாறியது

இதன் பலன் மேடையோடு நிற்கவில்லை. மெண்டோசாவைப் பார்த்து யூத இளைஞர்கள் பலர் தற்காப்புக் கற்றுக்கொண்டார்கள். யூதர்கள் நடத்திய பயிற்சிக் கூடங்கள் தோன்றின.

பிரான்சிஸ் பிளேஸ் என்பவர் லண்டனில் தையல் கடை வைத்திருந்தவர். பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர். அந்தக் காலத்தை நேரில் கண்டவர். யூதர்களைத் தெருவில் அடித்து அவமானப்படுத்துவது முன்பு சர்வ சாதாரணம் என்றும், மெண்டோசாவின் பள்ளிக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்தது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். திருப்பிக் குத்தத் தெரிந்தவன் என்று தெரிந்தால், சீண்டுகிறவன் யோசிக்கிறான்.

தற்காப்பின் பெரிய லாபம் இதுதான். கற்றுக்கொண்ட பலர் அதைப் பயன்படுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

தலைமுடியால் வந்த தோல்வி

1795 ஏப்ரல் 15-ந் தேதி. ஹார்ன்சர்ச் என்ற ஊர். எதிரி ஜான் ஜாக்சன். மெண்டோசாவைவிட ஐந்து வயது இளையவர். 4 அங்குலம் உயரம் கூட. சுமார் 19 கிலோ எடையும் கூட.

மெண்டோசாவின் தலைமுடி நீண்டிருக்கும். அதுவே அவருக்கு எமனாக வந்தது. ஜாக்சன் ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் முகத்தில் குத்தினார். மெண்டோசா நகர முடியவில்லை. கால் வேலை எவ்வளவு தெரிந்தால் என்ன? தலை எதிரியின் பிடியில் இருந்தது. முடியைப் பிடிக்கக் கூடாது என்று விதிகளில் எதுவும் சொல்லவில்லை. பத்தரை நிமிடத்தில் சண்டை முடிந்தது. பட்டம் போய்விட்டது.

அதன் பிறகு குத்துச் சண்டை வீரர்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். ஜாக்சன் லண்டனில் பயிற்சிக் கூடம் வைத்துப் பணக்காரர் ஆனார். கவிஞர் பைரன் அவருடைய மாணவர்.

கையில் நிற்காத பணம்

எதிரியின் குத்துக்குத் தப்பத் தெரிந்த மெண்டோசாவுக்குக் கடனுக்குத் தப்பத் தெரியவில்லை. வந்த பணத்தை வந்த வேகத்தில் செலவழித்தார். பதினொரு குழந்தைகள். கடன்காரர்கள் விடவில்லை. கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

பல தொழில் செய்து பார்த்தார். பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். கோர்ட்டு அமீனா வேலையும் பார்த்தார். கடனுக்கு ஓடியவர், கடன்காரர்களைப் பிடிக்கப் போனார். சாராயக் கடை வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1809-ல் அவர் செய்த காரியம் அவர் பெயரையே கெடுத்தது. லண்டனில் கோவென்ட் கார்டன் நாடகக் கொட்டகை தீக்கு இரையாகிப் புதிதாகக் கட்டப்பட்டது. முதலாளிகள் டிக்கெட் விலையை உயர்த்தினார்கள். பழைய விலை வேண்டும் என்று ஜனங்கள் தினமும் கொட்டகைக்குள் கூச்சல் போட்டார்கள். அவர்களை அடக்க நிர்வாகம் குத்துச் சண்டைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தியது. அந்தக் கூட்டத்தில் மெண்டோசாவும் இருந்தார்.

ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. எளியவர்களுக்காகக் கை ஓங்கியவர், பணம் வாங்கிக்கொண்டு எளியவர்கள் மீதே கை ஓங்கலாமா என்று வெறுத்தார்கள். அவருடைய மதத்தைச் சொல்லி மறுபடியும் ஏசினார்கள். கடைசியில் நிர்வாகம் பணிந்தது. ஆனால் மெண்டோசா இழந்த மதிப்புத் திரும்பவில்லை.

1816-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1820-ல் மறுபடி மேடை ஏறினார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. டாம் ஓவன் என்பவர் 12 சுற்றில் அவரைத் தோற்கடித்தார். கை நினைத்த வேகத்துக்குக் கால் வரவில்லை.

1836 செப்டம்பர் 3-ந் தேதி மெண்டோசா காலமானார். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு குறுகிய சந்தில், வறுமையில் இறந்தார். மனைவிக்கும் மக்களுக்கும் அவர் சொத்து எதுவும் வைத்துப் போகவில்லை.

நின்ற பெயர்

அவர் வைத்துப் போனது வேறு. 1858-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் முதல் முறையாக ஒரு யூதர் தம் மத முறைப்படி உறுதிமொழி எடுத்து உட்கார்ந்தார். 1867-ல் புதிய குத்துச் சண்டை விதிகள் வந்தன. கையுறை கட்டாயம் ஆனது. மூன்று நிமிடச் சுற்று வந்தது. மல்லுக் கட்டுவது தடுக்கப்பட்டது. கையும் காலும் சேர்ந்த கலைக்கு வழி திறந்தது.

1892-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கார்பெட், தம்மைவிடக் கனத்த ஜான் சல்லிவனை 21-வது சுற்றில் வீழ்த்தினார். முன் கைக் குத்தும் ஓயாத கால் வேலையுமே அவருடைய ஆயுதங்கள். முகம்மது அலி அந்தக் கலையின் உச்சியைத் தொட்டார். 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டபோது, அந்தக் காலடியைத் தமிழ்நாட்டு ஜனங்கள் நேரில் பார்த்தார்கள்.

2012-ல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்கள் குத்துச் சண்டை நடந்தது. நடந்த இடம் லண்டன். அதுவும் மெண்டோசா வாழ்ந்த கிழக்குப் பகுதியில். மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் அங்கே வெண்கலப் பதக்கம் வாங்கினார். சிறிய உடல்வாகு உள்ளவர். குழந்தைகளுக்குத் தாய். பெரிய உடம்பு இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்ற பழைய எண்ணம் எப்போதோ போய்விட்டது.

மெண்டோசாவை அடக்கம் செய்த யூத இடுகாடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2008-ல் அங்கே அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தோடு அதைத் தாண்டிப் போகிறார்கள்.

ஒரு காய்கறிக் கடை வாசலில், எஜமானியை ஏசியவனுக்கு எதிராகக் கையை உயர்த்திய பையன் அவர். எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தார். பலசாலிக்கு முன் எளியவன் விழுந்துதான் ஆக வேண்டும் என்பது விதி அல்ல என்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.